கொட்டாயிலிருந்து தொடங்குங்கள்: திட்டமிட்டுக் கட்டிய உழவர் குடியிருப்புகளை ஆவணப்படுத்த ஒரு வழிகாட்டி

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், குறிஞ்சிப்பாடி தாண்டியதும் வெளியே கவனித்துக்கொண்டே வாருங்கள். பழைய ஊர்களுக்கென்று ஒரு நடை உண்டு. கோயில், குளம், களத்துமேடு என்று சுற்றி வளைந்துதான் தெரு போகும். திடீரென்று ஓரிடத்தில் அந்த நடை மாறிவிடும். நூல் பிடித்தது போல நேர்த்தெரு, ஒரே அளவு மனை, ஒரே முகமாகத் திரும்பி நிற்கும் வீடுகள். யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து வரைந்த ஊர் அது. மக்கள் வாயில் அதற்குக் காலனி, தொகுப்பு வீடு, புதுநகர், புதுக்குடியிருப்பு என்று பல பெயர்கள்.

இப்படிப்பட்ட குடியிருப்புகளை அளந்து, வரைந்து, எழுதி வைக்க விரும்பும் கட்டடக்கலை மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், சொந்த ஊரின் கதையைத் தேடும் இளைஞர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் கட்டட வரைவாளர். நெல்லிக்குப்பத்துக்காரன். விடுமுறை நாட்களில் இந்த வேலையைத்தான் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன்.

முதல் வீட்டை அளந்தபோது பெரிய தவறு செய்தேன். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு குடியிருப்பு. திட்டத்தில் கட்டிக்கொடுத்த வீடு மட்டும்தான் எனக்கு வேண்டும் என்று நினைத்து, பின்னால் ஒட்டியிருந்த கீற்றுக் கொட்டாய், பக்கத்துச் சாய்ப்பு, முன் திண்ணை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் பெட்டியாக வரைந்தேன். சுத்தமான படம் என்று எனக்குத் திருப்தி. அந்த வீட்டுப் பாட்டி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாட்ட எங்க கட்றது தம்பி?" என்று கேட்டார். பிறகு என்னைக் கூட்டிப்போய் ஒரு ஜன்னலைக் காட்டினார். கீழ்க்கம்பியில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்து, அந்த இடம் மட்டும் வெள்ளி போலப் பளபளத்தது. கொட்டாய் போடும் வரைக்கும், பல வருடங்கள் கன்றுக்குட்டியை அந்த ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருக்கிறார்கள். கயிறு உரசி உரசி இரும்பு தேய்ந்திருக்கிறது.

வரைந்தவர் குடும்பத்துக்கு வீடு கொடுத்தார். ஆனால் உழவருக்குத் தேவைப்பட்டது வீடு மட்டுமல்ல. மாடு, வைக்கோல், எரு, விறகு, விதை எல்லாம் தங்கும் ஒரு பண்ணை. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அந்தக் குடும்பமே தன் கையால் நிரப்பியிருக்கிறது. அதனால்தான் புதிதாக வருபவர்களிடம் எப்போதும் சொல்கிறேன்: கொட்டாயிலிருந்து தொடங்குங்கள். பிறகு சேர்த்த ஒவ்வொன்றும் திட்டம் போட்டவருக்கு உழவர் எழுதிய பதில்.

போவதற்கு முன் கொஞ்சம் பின்னணி

இந்த வகை ஊர்கள் நம் பக்கத்தில் மட்டும் தோன்றியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், ஏறத்தாழ 1930 முதல் 1970 வரை, உலகில் பல அரசுகள் உழவர்களுக்காகப் புது ஊர்களைக் காகிதத்தில் வரைந்து கட்டின. அணை கட்டியதும் புதிதாகப் பாசனம் பெறும் நிலத்தில் ஆட்களைக் குடியமர்த்துவது, பழைய ஊரை இழந்தவர்களுக்கு மாற்று இடம் தருவது, நிலமில்லாதவர்களுக்கு நிலமும் மனையும் தருவது என்று காரணங்கள் பல.

மிக விரிவாகச் செய்த நாடு ஸ்பெயின். உள்நாட்டுப் போர் முடிந்த 1939-ல் பிராங்கோ அரசு தேசியக் குடியேற்ற நிறுவனம் என்ற அமைப்பைத் தொடங்கியது. அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் அது சுமார் 300 ஊர்களைக் கட்டியது. அவர்கள் கையாண்ட ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஊர் எங்கே அமைய வேண்டும் என்பதை மாட்டு வண்டியைக் கொண்டு தீர்மானித்தார்கள். வீட்டிலிருந்து வயலுக்கு அதிகபட்சம் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். அதைத் தாண்டினால் போய் வருவதிலேயே வேலை நேரம் கரைந்துவிடும், அடுத்த ஊரைக் கட்டு என்பதுதான் விதி. வீட்டு மனைக்குள்ளேயே பின்கட்டு, அதில் கால்நடைக்கும் கருவிகளுக்கும் இடம், வண்டி நுழைய அகலமான பின்வாசல். செவில் பக்கத்தில் அலெஹாந்த்ரோ டி லா சோட்டா வடிவமைத்த எஸ்கிவெல், ஃபெர்னாண்டஸ் டெல் அமோ வடிவமைத்த வேகாவியானா ஆகிய இரண்டு ஊர்களும் 1950-களைச் சேர்ந்தவை. இரண்டிலும் மனிதர் நடக்கும் பாதை ஒரு பக்கம், வண்டியும் மாடும் போகும் பாதை இன்னொரு பக்கம். வேகாவியானாவில் அந்த இடத்தில் நின்றிருந்த கருவாலி மரங்களை வெட்டாமல் வீடுகளுக்கு நடுவே விட்டுவைத்தார்கள்.

இத்தாலியில் மத்தேரா நகரத்துக் குகை வீடுகளில் கோவேறு கழுதையோடும் கோழியோடும் ஒரே அறையில் வாழ்ந்த உழவர்களுக்காக, லுடோவிகோ குவாரோனியின் குழு 1950-களின் தொடக்கத்தில் லா மார்தெல்லா என்ற ஊரைக் கட்டியது. தொழுவத்தை வீட்டை ஒட்டியே வைத்தார்கள். எகிப்தில் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி, குர்னா என்ற பழைய ஊரின் மக்களை மாற்றிக் குடியமர்த்துவதற்காக 1940-களின் பிற்பகுதியில் பச்சை மண்கல்லால், வளைகூரையும் குவிமாடமுமாகப் புதிய குர்னாவை எழுப்பினார். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பழைய குர்னா மக்களின் பிழைப்பு அவர்கள் இருந்த மலையடிவாரத்துப் பழங்காலக் கல்லறைகளைச் சுற்றியே இருந்தது. அவர்கள் நகர மறுத்தார்கள், ஊர் பாதியில் நின்றது. பிழைப்புக்கும் வாசலுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் எவ்வளவு அழகான வீடும் காலியாகவே நிற்கும் என்பதை அந்த ஊரைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

இந்தியாவில் 1948-ல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவாவில் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கத் திட்ட வல்லுநரின் யோசனையில் ஒரு முன்னோடிக் கிராம வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதே காலத்தில் கர்னால் அருகே நிலோகேரியில், பிரிவினையில் ஊர் இழந்து வந்தவர்களைக் கொண்டு எஸ்.கே. டே ஒரு புதுக் குடியிருப்பை உருவாக்கினார். இந்த அனுபவங்களின் மேல்தான் 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்கத் தொடங்கியது. நம் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1954-ல் டெல்லியில் குறைந்த செலவு வீடுகளுக்கான பன்னாட்டுக் கண்காட்சி நடந்தபோது, ஒரு மாதிரிக் கிராம மையத்தையே கட்டிக் காட்டினார்கள்.

நம் மண்ணில் இதன் வேர் இன்னும் பழையது. ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றிச் செங்கல்பட்டில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ட்ரெமன்ஹீர் அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் போராடிக் கேட்கிறார்களே, அதுதான். பிறகு நெய்வேலி. 1956-ல் நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். வயலும் தோப்புமாக இருந்த ஊர்கள் சுரங்கத்துக்குப் போயின. ஒரு பக்கம், வட்டம் என்று எண் போட்டுப் பகுதி பகுதியாகப் பிரித்த நகரியம் எழுந்தது. மறுபக்கம் நிலம் கொடுத்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் புதிதாகக் குடியேறினார்கள். நகரியத்தைப் பற்றி எழுதியிருப்பவர்கள் பலர். நிலம் கொடுத்தவர்களின் தெருக்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. இந்த வழிகாட்டிக்கு அதுவே முக்கியக் காரணம்.

எந்தக் குடியிருப்பைத் தேர்ந்தெடுப்பது

முதல் முயற்சிக்கு முப்பது வீடுகளுக்கு மேல் வேண்டாம். அரை மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய இடமாக இருக்கட்டும். அங்கே ஒரு வீட்டையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. புதுச்சேரிக்கு வரும் மாணவர்கள் 1930-களின் இறுதியில் கட்டத் தொடங்கிய, அரவிந்தர் ஆசிரம விடுதியான கோல்கொண்டாவையும் ஆரோவில்லையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவை முக்கியமானவைதான். ஆனால் பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுப் பக்கம் போனால் உழவர் வீடுகளில் கற்றுக்கொள்ள அதைவிட அதிகம் இருக்கிறது. 1997-ல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரங்கள் காலத்தால் பிந்தியவை என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். நூறு வீடு, ஒரே வடிவம், எல்லாச் சாதியினரும் பக்கத்தில் பக்கத்தில்.

காகிதம் தேடுதல்

களத்துக்குப் போகும் முன் ஒரு வாரம் இதற்குச் செலவிடுங்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்றைய கடலூர் மாவட்டம் 1993-ல்தான் பிரிந்தது. அதற்கு முன் கடலூரும் விழுப்புரமும் சேர்ந்து தென்னாற்காடு. ஆகவே சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடும்போது கடலூர் என்று தேடாமல் தென்னாற்காடு என்று தேடுங்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிச் சென்னை மாநிலத்தில் சில கிராமங்களைத் தேர்ந்தெடுத்துத் தனி ஆய்வறிக்கைகள் வெளியிட்டார்கள். சுவர் எதனால், கூரை எதனால், வீட்டில் எத்தனை அறை என்பது வரை அதில் இருக்கும். உங்கள் ஊர் அதில் இல்லாவிட்டாலும், அன்று ஒரு சாதாரண வீடு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள உதவும். தென்னாற்காட்டைச் சேர்ந்த இருவேல்பட்டு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் ஆராய்ந்த ஊர் அது. பிறகு பல தலைமுறை ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போய் எழுதியிருக்கிறார்கள்.

நில ஆவணங்களில் நான்கு மட்டும் முதலில் போதும்: கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் காட்டும் புல வரைபடம், எந்த எண் நிலம் யார் பெயரில் என்று சொல்லும் அ-பதிவேடு, குடியிருப்பு மனைகளுக்கான நத்தம் ஆவணம். புல வரைபடத்தை அலுவலகத்தில் எஃப்.எம்.பி. என்றுதான் சொல்வார்கள். அ-பதிவேடும் புல வரைபடமும் அரசின் நில இணையச் சேவையில் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை. 1979-ல் தொடங்கி எண்பதுகளில் நடந்த, நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் பல ஊர்களில் சர்வே எண்கள் மாறின. 1950-களின் கோப்பில் இருக்கும் எண்ணை இன்றைய வரைபடத்தில் தேடினால் வேறு யாருடைய கொல்லையிலோ போய் நிற்பீர்கள். பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வரைபடங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். நூறு லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி.

புதுச்சேரிப் பகுதி வேறு மாதிரி. வரைபடத்தை விரித்தால் புதுச்சேரி ஊர்களும் தமிழ்நாட்டு ஊர்களும் பாய் முடைந்தது போலக் கலந்து கிடக்கும். ஒரு வாய்க்காலைத் தாண்டினால் ஆவணம் வேறு அலுவலகத்தில் இருக்கும். 1954-க்கு முந்திய பத்திரங்கள் பிரெஞ்சில் இருக்கும். பரப்பு ஆர், சென்டியார் என்று வரும். ஒரு ஆர் நூறு சதுர மீட்டர், ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். மக்கள் பேசுவது குழிக் கணக்கு. இங்கே ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. அது 53 ஆர் 51 சென்டியார், நம் கணக்கில் 132 சென்ட். ஆனால் கொள்ளிடக்கரைப் பக்கம் போய்விட்டால் தஞ்சாவூர்க் கணக்கு வந்துவிடும். அங்கே குழி 144 சதுர அடிதான், நூறு குழி ஒரு மா, 33 சென்ட். பெரியவர் ஒருவர் "எங்களுக்கு நூறு குழி குடுத்தாங்க" என்றால் எந்தக் குழி என்று கேட்காமல் எழுதக் கூடாது. நான்கு மடங்கு வித்தியாசம்.

முதல் நாள்: அளக்காமல் நடந்து பாருங்கள்

தை அறுவடை முடிந்து பங்குனி வரைக்குமான நாட்கள் இதற்கு உகந்தவை. நடவு, அறுவடை நாட்களில் போய் நிற்காதீர்கள். டேப்பைப் பையிலேயே வைத்துவிட்டு, குடியிருப்பின் நடுவிலிருந்து அவர்கள் உழும் நிலம் வரைக்கும் நடங்கள். எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். அதே நடையைத் தலையில் ஒரு கட்டுப் புல்லோடு வரும் ஒருவருடன் திரும்பி வாருங்கள். ஸ்பெயின்காரர்கள் வண்டித் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். நம் உழவர்களிடம் அதைவிட நுட்பமான ஒரு அளவு இருக்கிறது: கூப்பிடு தூரம். வயலில் இருப்பவரை வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்குமா? பன்றி இறங்கினால், ஆடு மேய்ந்தால், மோட்டார் நின்றால் தெரியுமா? மாற்றுக் குடியிருப்புகளில் பலரும் இழந்தது அதைத்தான். உங்கள் குறிப்பில் இரண்டு தூரத்தையும் எழுதுங்கள்.

அதே நடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். குடியிருப்பு ஊரின் எந்தத் திசையில் இருக்கிறது, மேட்டிலா பள்ளத்திலா, ஊரின் முதன்மைச் சாலை அதைத் தொடுகிறதா விலகிப் போகிறதா, கோயில் தேர் அந்தத் தெருவுக்கு வருமா. யாருக்காகக் கட்டினார்கள் என்பதை இடமே சொல்லிவிடும். ஊரும் காலனியும் பிரிந்து கிடப்பது தற்செயல் அல்ல. அரசுத் திட்டம் வந்தபோதும் பல இடங்களில் அந்தப் பழைய பிரிவின் மேலேயே கோடு போட்டது. அதை மழுப்பாமல் வரைபடத்தில் காட்டுவது நம் கடமை. ஆனால் போன உடனே சாதி கேட்காதீர்கள். சொல்ல வேண்டியதை அவர்களே தங்கள் வார்த்தையில் சொல்வார்கள்.

அளவெடுத்தல்

தேவையான பொருள்கள் குறைவு: 30 மீட்டர் டேப் ஒன்று, 5 மீட்டர் டேப் ஒன்று, வரைகட்டத் தாள், அட்டை, கைப்பேசித் திசைகாட்டி, ஒரு தூக்குக்குண்டு. கறுப்பு, சிவப்பு, நீலம் என்று மூன்று பென்சில்கள். கறுப்பு முதலில் கட்டியதற்கு, சிவப்பு பிறகு சேர்த்ததற்கு, நீலம் தண்ணீருக்கு. கூட வர ஒரு ஆள் கட்டாயம். தனியாக அளந்தால் டேப்பின் மறுமுனை தொய்ந்து தவறு வரும்.

முதலில் அளவில்லாமல் வீட்டின் தளப்படத்தைப் பெரிதாகக் கையால் வரையுங்கள். பிறகு ஒவ்வொரு சுவருக்கும் ஒரு முனையில் டேப்பின் பூஜ்யத்தை வைத்து, எடுக்காமல், கதவு தொடங்கும் இடம், முடியும் இடம், ஜன்னல் தொடங்கும் இடம் என்று தொடர்ச்சியாகக் குறித்துக்கொண்டே போங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் அரை சென்டிமீட்டர் பிசகி, கடைசியில் சுவர் மூடாது. ஒவ்வொரு அறைக்கும் மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் அறை மூலைமட்டத்தில் இல்லை என்று அர்த்தம், அதைத் திருத்தி வரையாதீர்கள், இருக்கிறபடியே வரையுங்கள். சுவர்க் கனத்தைக் கதவு நிலையில் அளக்கலாம். தரை உயரம், ஜன்னல் அடி உயரம், இறவாணத்தின் (சுவரைத் தாண்டி இறங்கும் கூரை விளிம்பின்) உயரம் இந்த மூன்றையும் மறக்க வேண்டாம். இறவாணம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குச் சுவர் மழையிலிருந்து தப்பும். திட்ட வீடுகளில் பெரும்பாலும் அது சுவரோடு நறுக்கி விடப்பட்டிருக்கும். அதனால்தான் முன்னால் சாய்ப்பு முளைக்கிறது.

வீட்டை ஐம்பதில் ஒரு பங்கு அளவில், அதாவது ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று வரைந்தால் சாதாரணத் தாளில் அடங்கும். குடியிருப்பு முழுவதற்கும் ஐந்நூறில் ஒரு பங்கு.

எது முதலில் கட்டியது, எது பிற்சேர்க்கை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு சுவர் சேரும் மூலையைப் பாருங்கள். செங்கல் வரிசைகள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் ஒரே காலத்து வேலை. மேலிருந்து கீழ் வரை நேரான விரிசல் கோடு ஓடினால் பிறகு ஒட்டியது. அறைக்குள் கம்பி வைத்த ஜன்னல் இருந்து அது இன்னொரு அறையைப் பார்த்தால், அந்த இன்னொரு அறை ஒரு காலத்தில் வெளி. தரை மட்டம் இரண்டு அங்குலம் இறங்கினாலும் சந்தேகப்படுங்கள்.

பிற்சேர்க்கைகளில் கொட்டாய்க்கு அடுத்ததாக நான் தேடுவது அடுப்பை. வரைபடத்தில் சமையலறை என்று ஆறடிக்கு எட்டடி ஒரு அறை இருக்கும். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் எரிக்கிற விறகு முந்திரி மிலாறு, அதாவது முந்திரியின் சிறு கிளைகள். மலிவாகக் கிடைக்கும், நின்று எரியும், புகையும் அப்படியே எழும். அந்தப் புகையை அந்தச் சின்ன அறை தாங்காது. அதனால் அடுப்பு பின்பக்கச் சாய்ப்புக்கு நகர்ந்திருக்கும், உள்ளே இருக்கும் சமையலறையில் நெல் மூட்டையோ பலாப்பழமோ அடுக்கியிருக்கும். எரிவாயு வந்த பிறகும் வெந்நீருக்கும் குழம்புக்கும் வெளியடுப்பு எரிகிறது. ஒவ்வொரு அறையிலும் வரைபடம் சொல்கிற பெயரைக் கறுப்பில் எழுதி, இன்று அங்கே நடப்பதைச் சிவப்பில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் வீடு எனக்குக் கிடைத்தது மிகக் குறைவு.

எருக்குழி, வைக்கோல் போர், குளிக்கும் மறைப்பு, துளசி மாடம், அம்மி கிடக்கும் இடம், வேப்பமர நிழல் விழும் எல்லை எல்லாம் தளப்படத்தில் இருக்க வேண்டும்.

பொருளைப் பார்த்துக் காலம் கணித்தல்

சுவரை விடக் கூரை அதிகம் பேசும். கரும்புச் சோகையோ பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்தது கூரை வீடு; சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றியதால் அதற்கு வயது சொல்ல முடியாது. நாட்டு ஓட்டுக்கும் சீமை ஓட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழகிக்கொள்ளுங்கள். சீமை ஓட்டின் அடிப்பக்கத்தில் செய்த தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். கொல்லையில் கிடக்கும் உடைந்த ஓட்டைப் புரட்டிப் பாருங்கள். மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பு போட்ட மெத்தைக் கூரை (மொட்டைமாடித் தளம்) என்றால் பழைய மெட்ராஸ் டெரஸ் வேலை. அறுபதுகள், எழுபதுகளின் திட்டக் கட்டடங்களில் காவி போட்ட சிவப்புச் சிமெண்டுத் தரையையும் அச்சில் வார்த்த சிமெண்டு ஜாலியையும் அதிகம் பார்ப்பீர்கள். கல்நார் ஷீட் இருந்தால் தொடவோ உடைக்கவோ வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கூரைகள் பறந்தன, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதன் பிறகு கூரை வீடுகளுக்குப் பதிலாக அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள் பல தெருக்களின் முகத்தை மாற்றிவிட்டன. ஆகவே 2011-க்கு முந்திய புகைப்படம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். கல்யாண ஆல்பத்தில் பின்னணியாகப் பழைய வீடு முழுசாக நிற்கும்.

ஊராட்சி ஒன்றிய அலுவலகம், பள்ளி, விதைக் கிடங்கு, கிணற்றுச் சுவர் ஆகியவற்றில் பதித்த திறப்பு விழாக் கல்வெட்டுகளை மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள். வெள்ளையடித்து மூடிய எழுத்தும் அப்போது தெரியும்.

பேசுதல்

நிலத்தைப் பற்றி ஆண்களும் வீட்டைப் பற்றிப் பெண்களும் நன்றாகச் சொல்வார்கள். இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். பட்டாவைக் காட்டுங்கள் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நிலம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்ற பயம் நெய்வேலியைச் சுற்றிய ஊர்களில் எப்போதும் உண்டு, அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள், படத்தை என்ன செய்வீர்கள் என்பதை உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்த வருடம் என்று கேட்டால் பதில் வராது. நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுக்காரன் போனதற்கு முன்பா பின்பா என்றால் 1954. அண்ணா ஜெயித்தபோதா என்றால் 1967. எம்.ஜி.ஆர். முதல் தடவை வந்தபோதா என்றால் 1977. அதற்குப் பிறகு சுனாமி, தானே, 2015 வெள்ளம். பெரிய மகன் பிறந்த வருடத்தைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

"வீடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "வந்ததும் முதல்ல என்ன கட்டுனீங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதி வரலாறு வந்துவிடும். பழைய ஊரை இழந்து வந்தவர்கள் என்றால், பழைய வீட்டைத் தரையில் குச்சியால் கீறிக் காட்டச் சொல்லுங்கள். நடை, தாழ்வாரம், முற்றம் என்று அவர்கள் கை தானாகவே போகும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மனம் கலங்கினால் நிறுத்திவிடுங்கள்.

திரும்பக் கொடுத்தல், மறுபடி போதல்

வரைந்து முடித்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, லேமினேஷன் செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். விடுபட்டதை அப்போதுதான் சொல்வார்கள், அதைச் சிவப்பில் சேர்த்து மறுபடி அச்சிட வேண்டியிருக்கும். அதற்கும் நாளும் பணமும் ஒதுக்கிவையுங்கள். முழுத் தொகுப்பின் ஒரு பிரதியை ஊர்ப் பள்ளிக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஊர், தெரு, வரிசை எண், தேதி மட்டும் போதும், குடும்பத்தின் பெயர் வேண்டாம்.

பிறகு ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் அடைமழை கொட்டி விட்ட மறுநாள் காலை, படத்தைப் பாலித்தீன் உறையில் போட்டுக்கொண்டு அதே தெருவுக்குப் போங்கள். தண்ணீர் எந்த வாசலில் நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது, எந்த வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்து எந்தத் திண்ணையில் கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். நீலப் பென்சிலுக்கு அன்றுதான் வேலை.